எம்.எஸ்.டி.எஸ்.: பாதுகாப்புத் தரவுத் தாள்

சாயப்பட்டறையில் கெமிக்கல் லோடு வந்து இறங்கினால் முதலில் பில்லைக் கேட்பார்கள். ஆடிட் நெருங்கினால்தான் இன்னொன்றையும் தேடுவார்கள்: "எம்.எஸ்.டி.எஸ். எங்கப்பா?"

'மெட்டீரியல் சேஃப்டி டேட்டா ஷீட்' என்பதன் சுருக்கம் அது. ரசாயனத்தைத் தயாரிப்பவர் அதன் ஆபத்துகளை வாங்குபவருக்கு எழுதித் தர வேண்டும் என்று அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1983இல் விதி போட்டது. பெயர் பரவியது அதன் வழியாகத்தான். ரசாயன ஆபத்துகளை உலகெங்கும் ஒரே மாதிரி வகைப்படுத்த 2003இல் ஐ.நா. வெளியிட்ட ஜி.எச்.எஸ். முறையில் 'மெட்டீரியல்' உதிர்ந்து எஸ்.டி.எஸ். மட்டும் நின்றது, 16 பிரிவுகள், எங்கும் ஒரே வரிசை. நாம் இன்னும் அந்த 'எம்'மை விடவில்லை. இத்தனைக்கும் நம் 1989ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின் 9ஆம் அட்டவணையில் 'மெட்டீரியல்' கிடையாது.

தமிழில் சிலர் 'பொருள் பாதுகாப்புத் தரவுத் தாள்' என்று எழுதுகிறார்கள். படித்தால் சரக்கைப் பூட்டிவைக்கும் வழி சொல்லும் தாளோ என்று தோன்றுகிறது. காக்க வேண்டியது சரக்கை அல்ல, அதைத் தொடும் ஆளை. எனவே 'பொருளை' விட்டுவிட்டு 'பாதுகாப்புத் தரவுத் தாள்' என்பதே போதும்.

இதில் எனக்குப் பிடித்த சொல் தரவு. 'தா', 'தரு' என்பதிலிருந்து வந்தது, தரப்படுவது தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர். வேடிக்கை என்னவென்றால், 'டேட்டா'வின் லத்தீன் மூலத்துக்கும் 'தரப்பட்டவை' என்றே பொருள். ஆக, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால்தான் அது தரவு. ஃபைலில் தூங்கினால் வெறும் தாள்.

பட்டறைக்காரர்கள் 'ஹைட்ரோ' என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், பற்றிக்கொள்ளும், கந்தக டை ஆக்சைடைக் கக்கும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் நிலைமை மோசமாகும். தாளில் தீயணைப்பு 5ஆம் பிரிவிலும் சேமிப்பு 7ஆம் பிரிவிலும் இருக்கும். ஆனால் டிரம்மிலிருந்து பழைய பக்கெட்டுக்கு மாற்றிய நொடியில் பெயரும் போகிறது, தாளும் பின்தங்குகிறது. விற்பனைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அந்தப் பக்கெட்தான்.

தகவல் மேலிருந்து கீழே மட்டும் வர வேண்டும் என்றில்லை. ஐரோப்பாவின் ரசாயனச் சட்டமான ரீச்சில், பயன்படுத்துபவர் புதிய ஆபத்தைக் கண்டால் தனக்கு விற்றவருக்குத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். தாளும் விற்கப்படும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் நான் பார்த்த தாள்கள் எல்லாமே ஆங்கிலம். ஒரு பட்டறையில் மட்டும் டையிங் மாஸ்டர் ஹைட்ரோ டிரம்மின் மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தார்: 'தண்ணி ஆகாது. ஈரக் கரண்டி போடாதே.'