அந்த ஒன்பது நொடி

என் ஆலோசனை அறைக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவன், முதல் இரண்டு சந்திப்புகளிலும் வாய் திறக்கவே இல்லை. பெயரைக்கூடத் தாளில்தான் எழுதிக் காட்டினான். வெளியே காத்திருப்பவர்களின் கைப்பேசியில் சிரிப்பொலி கேட்டால் அவன் பேனா அப்படியே நின்றுவிடும். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆண்டு விழா மேடையில் பாடும்போது அவன் குரல் உடைந்து கீச்சிட்டிருக்கிறது. அந்த வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்போது பையன்களுக்கு நேர்வதுதான். யாரோ எடுத்த ஒன்பது நொடி வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் கோணிப்போன முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள்.

“நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன் சார்” என்றார் அவன் தாய்.

வீடியோ அலுத்துப்போகும். ஸ்டிக்கர் அலுப்பதில்லை. மதிப்பெண் குறைந்தாலும், கிரிக்கெட்டில் தோற்றாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அதே முகத்தை அனுப்புகிறார்கள். வெளியூரிலிருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், அது யாரென்று யோசிக்காமலே குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். அனுப்புகிறவர்களில் பலருக்கு இவன்மீது எந்தப் பகையும் கிடையாது. என்னை மிகவும் வருத்துவது அதுதான். அவர்கள் கண்ணுக்கு அங்கே ஒரு பிள்ளையே தெரியவில்லை.

2002இல் கனடாவின் கியூபெக்கில் கிஸ்லான் ராசா என்ற பள்ளி மாணவர், கோல்ஃப் பந்தை எடுக்கும் கம்பை ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ஒளிவாளாக நினைத்துச் சுழற்றித் தன்னையே படமெடுத்தார். அடுத்த ஆண்டு அது சக மாணவர்கள் வழியாக இணையத்துக்குப் போனது. யூடியூப் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் உலகமே பார்த்துச் சிரித்தது. அவர் பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. குடும்பம் தொடுத்த வழக்கு 2006இல் சமரசத்தில் முடிந்தது. தற்கொலை செய்துகொள்ளச் சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதை அவர் வெளிப்படையாகப் பேச 2013 வரை ஆயிற்று.

உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் முதலில் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். யார் என்ன சொல்கிறார்களோ என்ற பயம் கூடும். அடுத்த முறை உங்களிடம் சொல்லவும் மாட்டான். “உன்னை யார் பாடச் சொன்னது?” என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். பதிவின் இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேமித்துவிட்டு, அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 இரவிலும் இயங்குகிறது.

இவனுக்கு உதவியது ஒரு வகுப்புத் தோழன். வீட்டுக்கே வந்து, தன் கைப்பேசியிலிருந்து அந்த ஸ்டிக்கரை இவன் கண்முன்னே நீக்கியிருக்கிறான். அதற்கடுத்த சந்திப்பில் இவன் தாளைக் கேட்கவில்லை. கரகரத்த குரலில், “அவன் வந்தான் சார்” என்றான். பாட்டைப் பற்றி நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.