சூடு காட்டும் ஊசி ஏறினால் ஓட்டாதீர்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் பழைய புரோட்டோன் சாகா, மைவி என்று வாங்கி ஓட்டுகிறார்கள். அவர்களுடைய காடிகளில் (கார்களில்) சூடேறி ஹெட், அதாவது இஞ்சினின் மேல்பகுதி, வளைந்த இஞ்சினைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

"சூடு ஏறினதும் ஏன் தம்பி நிறுத்தல?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான். "இருட்டுண்ணே. சுத்தி செம்பனைத் தோட்டம். யாரையும் தெரியாது. எப்படியாவது டவுனுக்கு வந்துடலாம்னு ஓட்டிட்டேன்."

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓடும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போகிறது. வெடித்த தண்ணீர் ஹோஸை மாற்றப் பெரிய செலவில்லை. ஹெட்டைக் கழற்றினால் ஒரு மாதச் சம்பளமே போய்விடலாம்.

ஏறிய ஊசி திடீரென்று இறங்கினால் சூடு தணிந்துவிட்டதாக நம்பாதீர்கள். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சாரைத் தொடத் தண்ணீர் இருக்காது. அதனால் ஊசி கீழே வரும், உள்ளே இஞ்சின் வெந்துகொண்டிருக்கும். சில காடிகளில் ஊசியே கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். இணையத்தில் பார்த்துவிட்டு, இஞ்சின் சூட்டை இழுக்க ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். அது குளிர் நாட்டு யோசனை. இங்கே ஓடும் பல சின்னக் காடிகளில் ஹீட்டரே இல்லை.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அந்தக் காயத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இஞ்சின் நன்றாக ஆறட்டும், அரை மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பிளஸ் நிறுவனத்தின் டோல் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தைய ஏற்றம் பழைய காடிகளைச் சோதித்துவிடும். அங்கே நின்றுவிட்டால் அவசரத் தடத்தில் இடது ஓரமாக ஒதுக்கி, ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். எல்லோரும் இடப்பக்கமாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். காடிக்குள் உட்கார்ந்திருப்பதும் அதன் பின்னால் நின்று போன் பேசுவதும் உயிருக்கே ஆபத்து. அந்தத் தடத்திலும் மோட்டார் சைக்கிள்கள் வரும். பிளஸ் உதவி எண் 1800-88-0000. சாலையோரக் கிலோமீட்டர் எண்ணையும், வடக்கே போகிறீர்களா தெற்கே போகிறீர்களா என்பதையும் சொன்னால் போதும். ரோந்து வண்டி வந்து பக்கத்து டோலுக்கோ ஓய்விடத்துக்கோ இலவசமாக இழுத்துக்கொண்டு போகும். காடி பழுதாகி நிற்பது குற்றமில்லை. சீருடையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பழைய ரோட்டிலும் தோட்டத்து ரோட்டிலும் அந்த உதவி கிடையாது. அங்கே உங்கள் இன்சூரன்ஸ்தான் கை கொடுக்கும். பல முழுக் காப்பு பாலிசிகளில் இழுவைச் சேவையும் சேர்ந்திருக்கும், ஆனால் தூர வரம்பு உண்டு. அந்த எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லோரியிடம் எங்கே கொண்டுபோகிறார்கள், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்டு, லோரியின் நம்பரைப் படம் எடுத்த பிறகே கொக்கி மாட்ட விடுங்கள்.

'சம்போங் பாயார்' முறையில், அதாவது இன்னொருவரின் கடன் தவணையைத் தொடர்ந்து கட்டுவதாகப் பேசி, காடி வாங்கியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. கடனும் இன்சூரன்சும் வேறொருவர் பெயரில் இருக்கும். அவர் போனை எடுக்காவிட்டால் இழுவை லோரிக்குக்கூட வழியில்லை. ஒருநாள் வங்கி வந்து காடியை இழுத்துக்கொண்டு போனாலும் கட்டிய பணத்தைக் கேட்க உங்கள் பெயரில் எந்தக் காகிதமும் இருக்காது.