சீனாவிடம் கற்க வேண்டியது வேலை நேரம் அல்ல

போன வாரமும் அதே கேள்வி. ஜெர்மனியில் இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பிரிவுத் தலைவர், "சீனர்களோடு போட்டி போட நாங்களும் 996க்கு மாறினால் என்ன?" என்றார். நிர்வாக ஆலோசகராக என்னிடம் இந்த ஆண்டு இப்படிக் கேட்ட நான்காவது ஆள் இவர்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். 996, அதாவது காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் வேலை என்பது தலைமை தாங்கும் முறையே அல்ல. சீனச் சட்டப்படி ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 996 என்றால் மொத்த வேலை வாரத்துக்கே 72 மணி நேரம். 2019இல் சீன மென்பொருள் ஊழியர்களே 'இப்படி உழைத்தால் ஐசியுவில்தான் படுக்க வேண்டும்' என்று இணையத்தில் திரண்டார்கள். 2021 ஆகஸ்டில் சீன உச்ச நீதிமன்றமே இதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

சரி, எதைக் கற்பது? சீனாவின் சிங்தாவ் நகரத்தில் வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் ஹையர் நிறுவனத்தைப் பாருங்கள். 1985இல் அதை நடத்திய ஜாங் ருய்மின் பழுதான 76 ஃபிரிட்ஜ்களைச் சம்மட்டியால் உடைக்கவைத்த கதையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். அவர் 2005இல் தொடங்கிய 'ரென்தான்ஹெயி' அல்லவா முக்கியம்! ஊழியரையும் வாடிக்கையாளரின் தேவையையும் நேராக இணைப்பது அது. நடுமட்ட மேலாளர் பதவிகள் 10,000க்கும் மேல் போயின. நிறுவனம் சிறு சிறு குழுக்களானது. முடிவெடுப்பது, ஆள் எடுப்பது, சம்பளத்தைப் பங்கிடுவது மூன்றும் குழுவின் கையில். வாடிக்கையாளர் வாங்கினால்தான் வருமானம். கடுமையான ஏற்பாடுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இது சீனாவில் மட்டும்தான் எடுபடும் என்பவர்களுக்கு: 2016இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜிஇ) நிறுவனத்தின் வீட்டு உபயோகப் பொருள் பிரிவை ஹையர் 500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கென்டக்கியின் லூயிவில்லில், அமெரிக்கத் தலைமையின் கீழேயே இந்த முறை அங்கும் வந்தது.

அப்புறம் அந்த ஜெர்மன் நிறுவனம். அதன் சர்வீஸ் டெக்னீஷியன் ஒருவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். இயந்திரத்தில் கசிவைத் தடுக்கும் 90 யூரோ சீல் ஒன்றை மாற்ற 4 கையெழுத்து. 3 இருந்தது, நான்காமவர் விடுப்பில். வாடிக்கையாளரின் இயந்திரம் 11 நாளாக நின்றுகொண்டிருந்தது. இவரை இரவு 9 வரை உட்காரவைத்தால் அந்தக் கையெழுத்து வந்துவிடுமா?

வேலை நேரத்தைத் தொடாதீர்கள். 'அதிகாரம் கொடுத்துவிட்டோம்' என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டுப் பழைய படிவத்தையே நீட்டாதீர்கள். ஒரே ஒரு குழுவில் தொடங்குங்கள். செலவு வரம்பை எழுத்தில் கொடுங்கள், லாபத்தில் பங்கும் கொடுங்கள். முதல் தவறுக்கே அதிகாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். இந்த வாரமே அந்த 90 யூரோவுக்கு டெக்னீஷியன் கையெழுத்துப் போடட்டும்.