மாட்டின் ரத்தத்தைக் குறைப்பது கிருமியா, மண்ணீரலா?

நேற்றுவரை ஒழுங்காகக் கறந்த மாடு திடீரென்று பாலைக் குறைத்துவிட்டு, தீனி எடுக்காமல், அசையும் போடாமல் நிற்கிறது. உடம்பு கொதிக்கிறது. கண் இமையைப் பிரித்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது, போகப்போக மஞ்சளும் ஏறுகிறது. மேலே உண்ணியும் இருந்தால் அனாபிளாஸ்மோசிஸாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

அனாபிளாஸ்மா மார்ஜினேல் என்ற பாக்டீரியாவின் வேலை இது. ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து ஓரமாகப் புள்ளிபோல உட்கார்ந்துகொள்ளும், பெயரில் 'மார்ஜின்' வந்ததும் அதனால்தான். 1893-இல், உண்ணியால் மாட்டுக்கு வரும் டெக்சாஸ் காய்ச்சலை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்மித்தும் கில்போர்னும் இந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, அந்தக் காய்ச்சல் கிருமியின் ஒரு பருவம் என்று நினைத்துவிட்டார்கள். இது தனிக் கிருமி என்று 1910-இல் பிரித்துச் சொன்னவர் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த அர்னால்டு தெய்லர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிருமி அணுவை உடைப்பதில்லை. உள்ளே பெருகி, அலுங்காமல் வெளியே வந்து, அடுத்த அணுவுக்குப் போய்விடும். கெட்டுப்போன அணு என்று பிடித்து விழுங்குவது மாட்டின் மண்ணீரல்தான், அந்த வேகத்தில் நல்ல அணுக்களும் சேர்ந்து போகின்றன. ரத்தக் குழாய்க்குள் அணு உடையாததால் மூத்திரம் சிவக்காது. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபேசியோசிஸில் (மேலே சொன்ன டெக்சாஸ் காய்ச்சல்தான்) அது காப்பி நிறத்தில் போகும், இரண்டையும் பிரித்தறிய நல்ல தடயம் இது.

சிவப்பணு குறைந்தால் ஆக்சிஜனும் குறையும். மூச்சு வாங்கும், சினை கலையலாம், மூளைக்குக் காற்று போதாமல் சாதுவான பசுகூட முட்ட வரும். அதை ஊசி போடுவதற்காக விரட்டிப் பிடித்தால் (நம் ஆட்கள் செய்வது இதுதான்) அந்த ஓட்டத்திலேயே விழுந்து செத்துப்போகலாம். கன்றுகளுக்கு இது பெரும்பாலும் வந்ததே தெரியாது. இரண்டு வயது தாண்டியவற்றைத்தான் படுக்கப் போடும்.

ஆரம்பத்திலேயே ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைப் போட்டால் பிழைத்துக்கொள்ளும், சரி. ஆனால் கிருமி பெரும்பாலும் முழுசாகப் போவதில்லை, மேலுறைப் புரதத்தை மாற்றி மாற்றி, எதிர்ப்புச் சக்திக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கிவிடும். பார்வைக்குக் கொழுகொழுவென்று நிற்கிற அந்த மாட்டுக்குப் போட்ட ஊசியையே மாற்றாமல் அடுத்த மாட்டுக்கும் குத்தினால், உண்ணியே இல்லாத தொழுவத்திலும் நோய் பரவும்.