வலிப்பது பல், கோளாறு வேறிடம்

கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை, வேரில் சீழ் இல்லை. தட்டினாலும் குளிர்ந்த நீர் பட்டாலும் பல் சும்மா கிடக்கிறது. வேர் சிகிச்சை செய்தும் போகாமல், பல்லையே பிடுங்கிவிட்டு, அப்புறம் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று திரும்பி வருபவர்கள் உண்டு. பாவம், பிடுங்கிய பல் ஒரு தப்பும் செய்யவில்லை.

குழப்பம் நரம்பில். பல், ஈறு, தாடை மூட்டு, மெல்லும் தசை என்று முகத்தின் வலியை எல்லாம் பெரும்பாலும் சுமந்து போவது முக்கிளை நரம்பு. அதன் இழைகள் மூளைத் தண்டில் போய்ச் சேரும்போது, பல்லிலிருந்து வருவதும் தசையிலிருந்து வருவதும், ஏன், கழுத்திலிருந்து வருவதும்கூட ஒரே நரம்பணுவில் முடிவதுண்டு. எந்த இழை வழியாக வந்த சேதி என்று மூளைக்குத் தெரியாது. ஊகிக்கிறது, சில நேரம் முகவரி தப்பிவிடுகிறது.

பல்லை இறுகக் கடித்தால் கன்னத்தில் ஒரு தசை புடைக்கும், தொட்டுப் பாருங்கள். அதில் முடிச்சுப்போல இறுகிய இடம் இருந்தால், அங்கே சில நொடி அழுத்தும்போது கடைவாய்ப் பல் வலிக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்க ஓர் அழகான சோதனை உண்டு: பல்லைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவது. உதடு மரக்கிறது, ஈறு மரக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. சரி, பல் குற்றவாளி இல்லை. அதே மருந்தைத் தசை முடிச்சில் போட்டதும் வலி அடங்கினால் ஆள் அகப்பட்டாயிற்று.

எல்லாம் தசையும் அல்ல. பல் துலக்கினாலோ காற்று பட்டாலோ ஷாக் அடித்ததுபோல் சில நொடி வலி வெட்டி இழுத்தால், முக்கிளை நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கலாம். வழக்கமான வலி மாத்திரை அதற்குப் பலிக்காது. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபைன் பலிக்கும். மேடேறினால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்ததும் தணிகிறதா? பார்க்க வேண்டியது இதயத்தை, அதுவும் உடனே.

இதையெல்லாம் பிரித்தறிவதே வாய்-முக வலி இயல். அமெரிக்காவில் இதற்கான மருத்துவர் கழகம் 1975இலேயே உருவானாலும், பல் மருத்துவத்தின் 12ஆவது சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 2020இல்தான். தாமதம் என்றே சொல்வேன். இத்துறை மருத்துவர்களிடம் போனால் முதலில் கேள்விகள்தான்: எத்தனை நொடி நீடிக்கிறது, எது தொட்டால் கிளம்புகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? வாயைத் திறக்கச் சொல்வது அதற்கு அப்புறம்.