விண்வெளிக் கையுறை

பேச்சில் 'கிளவுஸ்' என்று சொல்லிவிடுகிறோம். எழுத்தில் கையுறை. வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, காலுக்கு உறை என்று வரும் அதே உறைதான். சங்கப் பாடல்களில் கையுறைக்கு வேறு பொருள் உண்டு. தலைவன் தழையும் பூவும் கொண்டுவந்து தோழியிடம் நீட்டுவானே, அந்த அன்பளிப்புக்குக் கையுறை என்று பெயர். தோழி அதை வாங்க மறுப்பது தனித் துறையாகவே இருக்கிறது. அந்தப் பொருள் இன்று வழக்கில் இல்லை.

கையில் மாட்டும் உறையை ஜெர்மன்காரர்கள் 'கைக்குச் செருப்பு' என்ற பொருளில் ஹாண்ட்ஷூ என்கிறார்கள். ரஷ்ய மொழியில் பெர்ச்சாத்கா. விரலைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது.

அந்த விரல்தான் 1965 மார்ச் 18 அன்று நழுவியது. விண்கலத்தை விட்டு முதன்முதலில் வெளியே மிதந்த அலெக்ஸி லியோனவின் உடை, வெற்றிடத்தில் உப்பிவிட்டது. விரல்கள் கையுறையின் நுனிக்கு எட்டவில்லை. வால்வைத் திறந்து உடைக்குள் இருந்த அழுத்தத்தைக் குறைத்த பிறகே அவரால் உள்ளே திரும்ப முடிந்தது.

காற்றடித்த சைக்கிள் டியூபை மடக்கிப் பாருங்கள், கை வலிக்கும். விண்வெளியில் ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அந்த எதிர்ப்புதான். அதனால்தான் அமெரிக்காவின் மெர்க்குரி விண்பயணத் திட்ட உடையில், பிடிப்பதற்குத் தோதாக மற்ற விரல்களைச் சற்று வளைத்துத் தைத்துவிட்டு, பொத்தானை அழுத்த நடுவிரலை மட்டும் நேராக விட்டார்கள். எவ்வளவு அழகான யோசனை!

சரி, வெளியே நடக்கப் போகிறவருக்கு ஓர் உறை போதாது. காற்றைப் பிடித்து வைப்பதை அழுத்தக் கையுறை என்றும், அதன்மேல் வெப்பத்தையும் உரசலையும் தாங்குவதை மேலுறை என்றும் சொல்லலாம். 1965 ஜூன் 3 அன்று அமெரிக்க வீரர் எட்வர்டு ஒயிட் ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியே வந்தபோது திறந்த கதவு வழியே மிதந்து போனது, உபரியாக வைத்திருந்த அப்படியொரு மேலுறைதான்.

நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்களுக்கு ஒவ்வொருவர் கையையும் அச்செடுத்துக் கையுறை செய்தார்கள். மேலே எஃகு இழைத் துணி, விரல்நுனியில் மட்டும் நீல நிற சிலிக்கோன் ரப்பர், தொட்டதை உணர்வதற்காக. அப்படியும் 1971இல் அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட்டுக்கு, நுனியில் முட்டி முட்டி நகங்கள் கடுமையாக வலித்தன.

கையுறைக்குப் பதில் 'கைக்கவசம்' என்று சொன்னால் என்ன என்று தோன்றலாம். கவசம் வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பது. இங்கே முதல் வேலை உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் வைத்திருப்பது. அதனால் விண்வெளிக் கையுறை என்றே எழுதுவோம்.