தேற்றரவு என்று ஒரு சொல் இருக்கிறதே

"தாத்தா, உங்களுக்கு ஆன்மிகத் தேவை ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. நவக்கிரகக் கோயில் ஒம்பதும் பாத்தாச்சு."

படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊரில், என் பெரியப்பாவின் கட்டிலருகே நடந்தது இது. வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்த நர்ஸ் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவ்வளவு பதமான கை. கோளாறெல்லாம் அவள் வைத்திருந்த தாளில். அவள் வாசல் தாண்டுவதற்குள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு நாலாவது தடவையாக, "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சாடா?" என்றார். மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் பேரில் இப்போது ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. இருந்தாலும் தண்ணீர் வந்த சேதி காதில் விழாமல் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. படிவம் தேடி வந்தது இதைத்தான், கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டுப் போய்விட்டது.

நோயாளியின் உள்மனத் தேவையைக் கவனிக்கும் 'ஸ்பிரிச்சுவல் கேர்' என்பதை 'ஆன்மிகப் பராமரிப்பு' என்று எழுதுவதைப் பயிற்சிக் கையேடுகளிலும் மேடைப் பேச்சிலும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்பிரிட்டுஸ்' என்றால் லத்தீனில் மூச்சு. ஆன்மாவின் வடமொழி மூலமான ஆத்மாவுக்கும் மூச்சுதான் வேர்ப்பொருள் என்பார்கள். ஆக, வேரை வைத்து இந்த மொழிபெயர்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சொல் வேரிலா வாழ்கிறது? சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று விரித்து, பசு என்பதே ஆன்மா என்று சொன்ன காலம் வேறு. இன்றைக்கு ஆன்மிகம் என்றால் கோயில் சுற்றுலா, காலை டிவியில் ராசிபலன், வெள்ளிக்கிழமை இணைப்பிதழ். 'ஆன்மிகமா, ஆன்மீகமா' என்று ஓர் எழுத்துக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தச் சுருக்கத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

செவிலியர் பாடம் சொல்வதோ வேறு. நர்ஸாக இருந்து பிறகு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ், 1967-ல் லண்டனில் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தவர், சாகக் கிடப்பவரின் வலியை உடல், மனம், குடும்பம் மற்றும் சமூகம், அதற்கும் அடியில் இருக்கும் இன்னொன்று என முழுதாகப் பார்க்கச் சொன்னார். அந்த இன்னொன்றுக்கு, அதாவது 'ஸ்பிரிச்சுவல்' என்பதற்கு, 2009-ல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் கொடுத்த வரையறையில், வாழ்ந்ததற்கு அர்த்தம் தேடுவது, தன்னோடும் பிறரோடும் இயற்கையோடும் புனிதமானதோடும் இருக்கும் பிணைப்பு என்று எல்லாமே வருகிறது. சாமி கும்பிடுவது அதில் ஒரு மூலை. நாகூர் தர்காவில் பாத்தியா ஓதிவிட்டு வேளாங்கண்ணிக்கும் போய்வருகிற கிழவிகள் நிறைந்த இந்த ஊர்ப்பக்கம், அவர்களிடம் ஆன்மிகத் தேவை கேட்டால் விபூதியும் எண்ணெயும் மெழுகுவர்த்தியும் கிடைக்கும், இருபது வருடம் பேசாமல் இருக்கும் தம்பியின் பெயர் வெளியே வராது.

பராமரிப்பும் எனக்கு உவப்பில்லை. மதகுக்கும் மோட்டாருக்கும் பராமரிப்பு சரி, கட்டிலில் கிடக்கும் மனுஷருக்கும் அதே சொல்லா? 'ஆறுதல்' நல்ல சொல்தான், காயம் ஆறுவதும் மனம் ஆறுவதும் ஒரே வினைதான், ஆனால் தலைவர்கள் நேரில் போய் ஆறுதல் கூறிக் கூறியும், ஆறுதல் பரிசு கொடுத்துக் கொடுத்தும் அதைத் தேய்த்துவிட்டார்கள். தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'உயிர்மையப் பேணல்' என்றார். சொல்லிப் பார்த்தேன், கூட்டுறவுச் சங்கப் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது.

நான் தேற்றரவு என்பேன். கிறிஸ்தவச் சொல் ஆயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம். தமிழ் விவிலியத்தில் பரிசுத்த ஆவியின் பெயராகத் தேற்றரவாளன் வருவதால் நமக்கு ஒரு நல்ல சொல் பத்திரமாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தேறு, தேற்று: உடம்பு தேறும், பரீட்சையில் தேறும், தண்ணீரும் தேறும். பெரியம்மா புகுந்த வீட்டுக்கு வந்த காலத்தில் குடிக்கவும் ஆற்றுத் தண்ணீர்தான். புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ஊற்றி வைப்பாராம், கொஞ்ச நேரத்தில் மண்டி கீழே போய் மேலே தெளிந்து நிற்கும். கலித்தொகையில் மனம் கலங்கிய பெண் தெளிந்ததற்கு இந்தக் கொட்டைதான் உவமை. கலங்கிய மனசு, தேற்றுகிற ஆள். வேறென்ன வேண்டும்? கொட்டை தண்ணீரை மாற்றுவதில்லை, மண்டியை இறங்க வைக்கிறது. நல்ல நர்ஸ் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

படிவத்தில் தேற்றரவு என்றுகூடப் போட வேண்டாம், அது தலைப்புக்குப் போதும். கேள்வியை "மனசுல ஏதும் குறை இருக்கா?" என்று அச்சடித்தால் டெல்டாவில் யாருக்கும் புரியும். ஆனால் மொழிபெயர்ப்பவர்களுக்குக் குறை என்ற சொல் அகராதியில் ரொம்பக் கீழே இருக்கும் போல. அதே தாளின் பின்பக்கத்தில் 'மரணத் தயார்நிலை' என்று ஒரு தலைப்பு. அந்தப் பெண் அதை வாய்விட்டுப் படித்தபோது, காது மந்தமான பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். 2018-ல் கஜா வந்தபோது ஒலிபெருக்கியில் கேட்ட சொல் அது.

"தயார்நிலையா? திரும்பவும் புயலாப்பா?"